நல்ல நேரத்துக்கு வைத்த பை

நம்ம வயசுக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஊருக்குக் கிளம்புகிற நாளன்று உங்களுக்கும் வயிற்றைக் கலக்குமா? எனக்கு இன்றைக்கும் கலக்கும். இத்தனைக்கும் வேலையெல்லாம் முடித்துக்கொண்டு, பென்ஷனோடு புதுச்சேரியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டவள் நான். எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆனாலும் தெருவில் யார் வீட்டு வாசலிலாவது டாக்ஸி வந்து நின்று, டிக்கியைத் திறந்து பெட்டி ஏற்றினால் போதும், அடிவயிறு பிசைய ஆரம்பித்துவிடும். டாக்டரிடம் சொன்னேன். கேஸ் என்றார். கேஸாம்! அறுபது தாண்டிவிட்டால் இவர்களுக்கு எல்லாமே கேஸ்தான்.

கேஸ் இல்லை. எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அது ஒரு செவ்வாய்க்கிழமை.

எங்கள் கதை உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்த கதைதான். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; இந்த ஊரில் ‘சொல்தா வீடு’ என்றால் எங்களைப் போன்றவர்கள். பட்டாளத்தை விட்ட பிறகு பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு ஆபீசில் வாட்ச்மேன் வேலை. நானும் அக்காவும் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் அங்கே. ஆகவே எங்களுக்கு வீடு அங்கே. லீவுக்குப் போகிற வெளிநாடு புதுச்சேரி. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ‘வக்கான்ஸ்’ என்று இரண்டு மாதம் வந்து இறங்குவோம். ‘பாரிக்காரி வந்துட்டாடா’ என்று தெருப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரிக்கும். அப்போது அழுதேன். இப்போது யாராவது சிரித்துப் பார்க்கட்டும்.

வந்து இறங்குவது நெல்லித்தோப்பில், அத்தை வீட்டில். அப்பாவின் அக்கா. அப்பாவுக்குத் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரைத் தூக்கி வளர்த்தவள் அத்தைதான். பிள்ளை குட்டி கிடையாது. மில்லில் வேலை பார்த்த மாமாவும் அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போன பிறகும் மில் சங்கு ஊதினால் அத்தை அடுப்பில் உலை வைத்துவிடுவாள். வைத்த பிறகுதான் ஞாபகம் வரும். ‘அட சை’ என்று தானே சொல்லிக்கொண்டு, அந்தத் தண்ணீரில் எங்களுக்கு முகம் கழுவிவிடுவாள்.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்தவை நிறைய உண்டு. காலையில் சைக்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டு வரும் ரொட்டிக்காரர். ரொட்டி சுடச்சுட, மேல் தோல் நொறுங்கும். ஆடி மாதம் முழுக்க ஸ்பீக்கர் அலறும், தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், நானும் அக்காவும் சொம்பு எடுத்துக்கொண்டு ஓடுவோம். மாமாவின் டார்ச் லைட் ஒன்று இருந்தது, மூன்று பேட்டரிக் கட்டை போடுவது, தலையில் சிவப்புக் கண்ணாடி. அதை எனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அத்தை சொல்லியிருந்தாள். பிறகு அது எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. பிடிக்காதது ஒன்றே ஒன்று, கொல்லைக் கோடியில் இருந்த கக்கூஸ். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அந்த வருஷம் வந்து இறங்கியதிலிருந்தே அத்தைக்கு அக்கா மேல் தனிக் கண். தினமும் எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுவாள். சந்தனம் அரைக்கக் கற்றுக்கொடுத்தாள். எதிர் வீட்டு டெய்லரைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொல்லி, பாவாடை தாவணி ஒன்றல்ல இரண்டல்ல, ஆறு செட் தைக்கச் சொன்னாள். டெய்லர் நல்ல தமாஷான மனிதர். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே பேசுவார்.

“பாரிக்கு தாவணி கட்டிக்கினு போனா அந்த ஊர்க்காரன் என்னா நெனப்பான், அக்கா?”

“நீ தைக்கிற வேலையப் பாரு” என்றாள் அத்தை.

அடுத்து நடுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு பீரோ வந்து இறங்கியது. புதுசு, பச்சைப் பெயின்ட் வாசனை போகாதது. நான் அதன் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை சாவியை அக்கா கையில் கொடுத்து, “உன் துணிய இதுல வெச்சிக்கடி” என்றாள். இன்னும் மூன்று வாரத்தில் கிளம்பப் போகிறவளுக்குப் பீரோ எதற்கு? எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் ஒரு நாள் அப்பா அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டிவிட்டு வந்தார். பிரெஞ்சிலேயே பாடம் நடக்கிற இடம், கன்னியாஸ்திரீகள் நடத்துவது. ‘சும்மா பார்க்கத்தான்’ என்றார். திரும்பி வந்த அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்களுக்கு ரகசியம் என்றால் பிரெஞ்சு. அத்தைக்கு அது ஆகவே ஆகாது, ‘அந்த பாஷையில குசுகுசுன்னு பேசாதீங்கடி’ என்று சத்தம் போடுவாள். அதனால் கிணற்றடி.

“என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள்” என்றாள் அக்கா.

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.”

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடுகளில் இது நடக்காத விஷயம் இல்லை. வயசுக்கு வந்த பெண்ணை அந்த ஊரில் வைத்துக் காபந்து பண்ண முடியாது என்று இங்கே அத்தை வீட்டிலோ மாமன் வீட்டிலோ விட்டுவிடுவார்கள். கேட்டால் ‘ரெண்டு வருஷம் நம்ம பழக்கவழக்கம் கத்துக்கட்டும்’ என்பார்கள். அந்த இரண்டு வருஷம் கல்யாணத்தில்தான் போய் முடியும். உங்களில் யாருக்கும் அப்படி ஒரு அக்காவோ சிநேகிதியோ இல்லாமல் இருக்க மாட்டார்கள். எங்கள் அக்கா, பள்ளிக்கூட பஸ் ஸ்டாப்பில் கூடப் படிக்கிற பையன் ஒருவனோடு சிரித்துப் பேசியதை அப்பா பார்த்துவிட்டார். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அன்றிலிருந்து அப்பா சாப்பிடும்போது பேசுவதை நிறுத்தியிருந்தார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்களைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாரிஸுக்கு எடுத்துப்போகக் கருவாடு, வடகம், புளி எல்லாம் வாங்க. மீன் பக்கம் தண்ணீரும் செதிலும் காலில் ஒட்டும். பூக்கடைப் பக்கம் வந்தால்தான் மூச்சு விடலாம். அங்கே ஒரு வளையல் கடையில் அக்கா நின்றாள், நின்றவள் நகரவே இல்லை. பாரிஸில் கூடப் படிக்கிற சிநேகிதிக்கு ஒரு டஜன் வேண்டுமாம். அந்தப் பெண்ணின் கை தன் கையைவிட ஒரு சுற்று பருமன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கழற்றி, விரலால் அளந்து… எனக்குக் கால் வலித்தது. ஐஸ் வாங்கிக் கொடு என்று அழுதேன். அத்தை என்னைத் திட்டவும் இல்லை, அக்காவை அவசரப்படுத்தவும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

விமானம் மெட்ராஸிலிருந்து ராத்திரி. சாயங்காலம் மூன்றரைக்குக் காரில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்; அதற்கு முன்னால் கிளம்பி ஏர்போர்ட்டில் காத்துக் கிடக்க அப்பா சம்மதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். டிக்கெட் போட்டவனுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது என்று ஒரு வாரமாக அத்தை புலம்பிக்கொண்டிருந்தாள். இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் நல்ல நேரத்தில், பயணம் போகிறவர்களின் துணி ஆளுக்கு ஒன்றாக ஒரு பையில் போட்டு, வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போய் இன்னொரு வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிவிட்ட மாதிரி. பிறகு ராகுகாலத்தில் ஏறினாலும் எமகண்டத்தில் ஏறினாலும் பாதகமில்லை. போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். கடவுளை ஏமாற்றுகிற வித்தை என்று அக்கா சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

நான் பல் விளக்கக் கிளம்பினவள், நடுக்கூடத்தில் அத்தை பையை விரித்து வைத்திருப்பதைப் பார்த்து நின்றேன். அப்பா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்று பைக்குள் போயிற்று. அம்மாவின் ரவிக்கை. என் பூப்போட்ட கவுன். அத்தை மேலே ஒரு வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் வைத்துப் பையின் வாயைக் கட்டினாள்.

“அக்காவோடது?” என்றேன்.

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பிறகு நாற்காலிப் பக்கம் பார்த்தாள். “அவளுது வேணாம். நீ போய்ப் பல்லு வெளக்கு.”

“யார் யார் போறாங்களோ அவங்களுதுன்னு சொன்னியே?”

“வாயாடி! போடின்னா போ.”

பையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வாயில் பல்பொடியோடு கொல்லைக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். அவள் கிணற்றுக் கட்டையில் வைத்திருந்த சோப்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அம்மா வழிக்குப் புளிசாதம் கிளறிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேச மாட்டாள். சாமி, சாஸ்திரம், நல்ல நாள், பெரியவர்கள் பேச்சு எதையும் மீற மாட்டாள். பாரிஸில் பனி கொட்டும்போதும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு விளக்கேற்றுவாள்.

“அம்மா, நானும்தான வரேன்?” என்றாள் அக்கா.

கரண்டி நின்றது. பிறகு மறுபடி கிளற ஆரம்பித்தது.

“போய்த் தலைய வாரு” என்றாள் அம்மா, சட்டியைப் பார்த்தபடியே.

அக்கா தலையை வாரினாள். சாப்பிட்டாள். என் பெட்டி, அப்பா பெட்டி, அம்மா பெட்டி மூன்றும் கயிறு கட்டிக் கூடத்தில் நின்றன. அக்காவின் பெட்டி கயிறு இல்லாமல் அறையிலேயே கிடந்தது. கார் உச்சி வேளைக்கே வந்துவிட்டது, பழைய அம்பாசிடர். தெரு குறுகலானதால் டிரைவர் முனையில் புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனார். வீட்டில் எல்லாரும் கருவாட்டை எத்தனை பேப்பரில் சுற்றினால் வாசனை வராது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அக்கா போனது ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரிந்ததும் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அப்பா டெய்லரின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். டெய்லர் ரிக்‌ஷா பிடித்துப் பெரிய மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு என்று அலைந்தார். அத்தை வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாத்திரம் தேய்க்க வருகிறவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததை நான் கவனித்தேன். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அம்மா மட்டும் அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். பக்கத்தில் போனேன். என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

அப்பா திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “பொண்ண வளர்த்திருக்கிற லட்சணத்தப் பாரு” என்று அம்மாவிடம் கத்தினார். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. அப்பா பயந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரியவர்கள் பயந்தால் பிள்ளைகள் எங்கே போவது, சொல்லுங்கள்? நான் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன்.

மூன்று மணிச் சங்கு ஊதியது. ராகுகாலம் பிறந்துவிட்டது. அப்போதுதான் வாசலில் டிரைவர் வந்து நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“கெளம்பலாங்களா சார்? பாப்பா ரொம்ப நேரமா கார்ல உக்காந்திருக்குது. புழுக்கமா இருக்குது பாவம்.”

“எந்தப் பாப்பா?” என்றார் அப்பா.

“உங்க பெரிய பாப்பாதான். நான் சாப்ட்டு வந்தப்பவே பின் சீட்ல உக்காந்திருந்துச்சு. ராகுகாலத்துக்கு முன்னாடியே ஏத்தி உக்கார வெச்சிட்டீங்க போலன்னு நான் மரத்தடியில படுத்துட்டேன். மெட்ராஸ் சவாரின்னா எத்தினி வூட்ல அப்படிப் பண்றாங்க!”

ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள். முப்பது நாற்பது அடியில் இருந்திருக்கிறாள்; காருக்குள் எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் ஓடிப்போகவே இல்லை. எல்லோருக்கும் முன்னால் வண்டியில் போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தெருவே அந்த அம்பாசிடரைச் சுற்றி நின்றது. அப்பா வருவதைப் பார்த்ததும் அக்கா கண்ணாடிகளை ஏற்றி, நான்கு கதவின் பொத்தானையும் அமுக்கிவிட்டாள். அப்பா கண்ணாடியைத் தட்டினார்.

“எறங்கு. வூட்ல போய்ப் பேசிக்கலாம்.”

“எறங்கினா என்ன உட்டுட்டுப் போயிடுவீங்க.”

அக்கா இதைத் தமிழில் சொன்னாள், பிரெஞ்சில் இல்லை. உள்ளேயிருந்து கத்திச் சொன்னதால் கோடி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அப்பாவுக்கு ஊர் முன்னால் பேச்சு வாங்குவதென்றால் உயிர் போகும். டிரைவர் பக்கம் திரும்பி, சாவி போட்டுத் திறக்கச் சொன்னார்.

டிரைவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “அது நல்லாருக்காதுங்க சார். பாப்பாவே தொறக்கட்டும்.”

“உட்டுட்டுப் போறீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்கப்பா.”

அப்பா இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவர் தரையைப் பார்த்தார். பின்னால் காலையில் வைத்த பையும் கையுமாக வந்து சேர்ந்த அத்தைதான் வாயைத் திறந்தாள்.

“ஏன்டா, நீ இன்னும் அந்த நெனப்புலதான் இருக்கியா?”

“நீதான யக்கா தொணைக்கு ஆளு வேணும்ன?”

“வேணும்தான்டா. தனியாத்தான் கெடக்கறேன். நீ ‘வெச்சிக்க’ன்னதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பீரோ வாங்கினேன், தாவணி தெச்சேன், இல்லன்னு சொல்லல. அப்புறம் ஞாயித்துக்கெழம மார்க்கெட்ல இவ ஒரு சிநேகிதிக்கு வளையல் வாங்கறா. கையளவு பாத்துப் பாத்து வாங்கறா. அவளுக்கும் ஊருன்னு ஒண்ணு இருக்குதுடா. அத உட்டுட்டு வான்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

பிறகு அத்தை டெய்லரைப் பார்த்துக் கையை நீட்டினாள். டெய்லர் தன் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். அத்தை அதிலிருந்து அக்காவின் நீலக் கவுனை எடுத்துக் கண்ணாடியில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

“பாருடி. உன்னுத நேத்தே வெச்சிட்டேன், உங்க யாருக்கும் முன்னாடி. சமஞ்ச பொண்ண எந்த வூட்லயாவது செவ்வாக்கெழம அனுப்புவாங்களா? திங்கக்கெழம நல்ல நேரத்துலயே நீ கெளம்பியாச்சு. போய்ட்டு வாடி என் கண்ணு.”

வளர்ந்த பெண்ணைச் செவ்வாயிலும் வெள்ளியிலும் அனுப்பினால் வீட்டு லட்சுமியே போய்விடுவாள் என்பது இந்த ஊர்க் கணக்கு. ஒன்பது வயது வாண்டு அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை, மருமகளான அம்மாவும் இல்லை. அது எனக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. காலையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் அத்தை அதைச் சொல்லவில்லை. சொன்னால் அப்பா மறுப்பார், கார் ஏறும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். நாங்கள் பார்த்த அடையாளம் பொய். நாங்கள் பயந்த விஷயம் நிஜம். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அத்தைதான் அக்காவைப் பிடித்து வைக்கப் பார்த்தாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தை அப்பாவிடம், “உன் பொண்டாட்டிகிட்டயாவது ஒரு வார்த்த கேட்டியாடா?” என்றாள்.

“அவளுக்கு எல்லாம் தெரியும். போன வாரமே சொல்லிட்டேன்” என்றார் அப்பா.

கண்ணாடிக்குள்ளிருந்து அக்கா அம்மாவைப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன். அம்மா கூட்டத்தின் ஓரத்தில், செருப்பில்லாமல், கையில் புளிசாதத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கினாள். அத்தை மஞ்சள் பையை மடித்து அந்த இடுக்கு வழியாக உள்ளே திணித்தாள். திணித்த கையை உடனே எடுக்கவில்லை. உள்ளேயே வைத்து அக்காவின் தலையைத் தடவினாள். அப்போதுதான் அம்மா நடந்தாள். காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவுக்குப் போய் நின்றாள். தட்டவில்லை, கூப்பிடவில்லை. அக்கா வெகு நேரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு கையை நீட்டிப் பொத்தானைத் தூக்கிவிட்டாள்.

அம்மா ஏறி உட்கார்ந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. நாத்தனார் காலில் விழுந்து கும்பிடாமல், சூடம் காட்டாமல், வீட்டுக்குள் போய் விளக்கைப் பார்க்காமல், ராகுகாலத்தில், செவ்வாய்க்கிழமையில், எங்கள் அம்மா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ‘அண்ணி, போயிட்டு வரேன்’ என்று ஜன்னல் வழியாகச் சொன்னதோடு சரி. பெட்டிகளை டெய்லரும் டிரைவரும் கொண்டுவந்து ஏற்றினார்கள், கயிறு கட்டாத அக்கா பெட்டியையும் சேர்த்து. அப்பா முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். என்னைக் கடைசியாகத்தான் யாருக்கோ ஞாபகம் வந்தது. அத்தை தூக்கி அம்மாவுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. அந்த வீட்டில் இனிமேல் அவளும் ஆறு செட் தாவணியும் மட்டும்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் கையாட்டினேனா என்பதுகூட ஞாபகமில்லை.

கார் கோரிமேடு தாண்டியது. திண்டிவனம் ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம். வெயில் விட்டுவிட்டு முகத்தில் அடித்தது. கருவாட்டு வாசனை, அத்தனை பேப்பரையும் மீறி வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரயில்வே கேட் ஒன்றில் கார் நின்றபோது அக்கா கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் இன்ஜின் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“நான் கார்ல வந்து உக்காராம இருந்திருந்தா, நீ வாயத் தொறந்திருப்பியாம்மா?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரயில் வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி நின்றுகொண்டிருந்தது. அம்மா இந்தத் தடவை தலையை வாரு என்று சொல்லவில்லை.

“தெரியலடி” என்றாள்.

அக்கா கையை உருவிக்கொள்ளவில்லை. முன் சீட்டில் அப்பா திரும்பவில்லை.

நான் பதினாறில் ஒன்பதைக் கழித்தேன்: எனக்கு இன்னும் ஏழு வருஷம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் சுமார்தான். இதற்கு விரல்கூட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் இன்னொரு கை மடியில் சும்மா கிடந்தது. அதை எடுத்து, என் மணிக்கட்டைச் சுற்றி நானே மூடி வைத்துக்கொண்டேன்.